தியேட்டர் சத்தம் காதைக் கெடுக்குமா?

கேள்வி: எனக்கு வயது 37. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் 11 வருடமாக ஸ்கிரப் நர்ஸாக (அறுவையின்போது டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவர்) இருக்கிறேன். முழங்கால் மூட்டு மாற்று கேஸ்கள்தான் அதிகம், சில நாட்களில் நாலு கேஸ் கூட வரும். அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்கு வந்தபிறகு காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. காலையில் போய்விடுகிறது. டிவியை ரொம்பச் சத்தமாக வைக்கிறேன் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். டாக்டர் மாஸ்க்குக்குள் பேசுவது சில சமயம் பிடிபடுவதில்லை, திரும்பக் கேட்டால் கோபப்படுகிறார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமா? வேறு தியேட்டருக்கு மாற்றிக் கேட்க வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒத்தக்கடை

பதில்:

சிஸ்டர், பஞ்சு வேண்டாம். அது ஒலியைத் தடுப்பது மிகமிகக் குறைவு. தடுக்கிறது என்ற தைரியத்தை மட்டும் கொடுத்து, உங்களை இன்னும் அதிக நேரம் சத்தத்தில் நிற்க வைக்கும். தியேட்டரை மாற்றிக் கேட்பதற்கும் அவசரம் இல்லை. முதலில் காதைச் சோதித்துவிடுவோம்.

சத்தம் கேட்கிறது, காலையில் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் 'காலையில் போய்விடுகிறது' என்பதை வைத்துத்தான் பலர் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். உள்காதில் ஒலியை வாங்கும் மயிர்செல்கள் அதிகச் சத்தத்தில் களைத்துப்போய், ஓய்வு கிடைத்ததும் தேறி வருகின்றன. அதன் அடையாளம்தான் இந்த இரைச்சல். திரும்பத் திரும்பக் களைக்க வைத்தால் ஒரு கட்டத்தில் சில செல்கள் தேறாது. மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதும் இல்லை. நீங்கள் இன்னும் தேறிவருகிற கட்டத்தில் இருப்பதாகத்தான் கடிதம் சொல்கிறது. ஆனால் டிவி விஷயத்தைச் சேர்த்துப் பார்த்தால், கொஞ்சம் நிரந்தரமாகவும் போயிருக்க வாய்ப்பு உண்டு. அதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை வரைபடமாகக் காட்டும் சோதனை, எடுக்க டூட்டி முடிந்த கையோடு போகாதீர்கள். களைப்பும் நஷ்டமும் கலந்து வரும். ஞாயிறு முழுக்க அமைதியாக இருந்துவிட்டு, திங்கள் காலை டூட்டிக்கு முன்னால் எடுப்பது நல்லது. குறைந்தது 16 மணி நேரம் பெரிய சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும், இயர்போனும் அதில் அடக்கம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் எடுக்கலாம், வெளியே தனியார் ஆடியாலஜிஸ்டிடமும் (செவித்திறன் நிபுணர்) எடுக்கலாம். வெளியே போனால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா, ஒலிபுகாத அறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காது மெஷின் விற்கிற கடையில் மேஜைமேல் வைத்து எடுக்கிற இலவச டெஸ்ட் இதற்கு உதவாது. இன்னொன்று: வழக்கமான சோதனையில் 1000, 2000, 4000, 8000 ஹெர்ட்ஸ் என்று தாவிப்போவார்கள். 3000, 6000 இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். சத்தத்தால் வந்த கேடு முதலில் 3000க்கும் 6000க்கும் இடையில்தான் தெரியும். வரைபடத்தில் கோடு நேராக வந்து, 4000 பக்கத்தில் இறங்கி, 8000இல் மறுபடி ஏறும், வைகையின் தரைப்பாலம் மாதிரி. அந்தப் பள்ளம் இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் தியேட்டர் சத்தத்தைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது.

பள்ளம் இல்லாமலும் போகலாம். காதில் அழுக்கு அடைத்திருந்தாலே டிவியைக் கூட்டி வைப்போம். 37 வயதுப் பெண் என்றதும் எனக்கு நடுக்காதில் இருக்கிற ஸ்டேப்ஸ் என்ற சின்ன எலும்பு இறுகிப்போகும் நோயும் நினைவுக்கு வருகிறது. அது பெண்களிடம் கூடுதல், குடும்பத்தில் ஓடும். ஆனால் அந்த நோய் உள்ளவர்களுக்குச் சந்தடி நடுவில் பேச்சு நன்றாகவே கேட்கும். உங்களுக்குச் சந்தடியில்தான் பிடிபடவில்லை, அதனால் அதற்கு வாய்ப்புக் குறைவு என்று நினைக்கிறேன். எப்போதாவது காதைக் கெடுக்கக்கூடிய அமிகாசின், ஜென்டாமைசின் ஊசி பல நாள் போட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், தைராய்டு, ரத்தசோகை மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் தியேட்டருக்கு வருவோம். பொதுவாக மருத்துவமனை நிர்வாகத்திடம் கேட்டால், 'தியேட்டர் சத்தம் 60, 70 டெசிபல்தான், பேச்சுச் சத்தம் அளவுதான்' என்பார்கள். பொய் இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அளந்து 2007இல் வெளியிட்டார்கள். எலும்பு அறுவையில் சராசரி சுமார் 66 டெசிபல்தான். அதே அளவீட்டில், எலும்பு அறுவையிலும் மூளை நரம்பு அறுவையிலும் உச்ச ஒலி 100ஐத் தாண்டியது, 120க்கு மேலும் போனது. சராசரியைப் பார்க்கிறவருக்கு ஒன்றுமே இல்லை. ரம்பத்தின் பக்கத்தில் நிற்கிற காதுக்கு வேறு கதை.

டெசிபல் கணக்கில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. நியோஷ் என்கிற அமெரிக்கப் பணிப்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை என்று எல்லை வைத்திருக்கிறது. 88 ஆனால் 4 மணி நேரம், 91 ஆனால் 2, 94 ஆனால் 1, 100 ஆனால் வெறும் 15 நிமிடம். இப்போது உங்கள் நாளைப் போட்டுப் பார்ப்போம். எலும்பு ரம்பமும் டிரில்லும் அவற்றின் பக்கத்தில் 90இலிருந்து 100 டெசிபல் வரை போவது சாதாரணம். ஒரு முழங்காலுக்கு எல்லாம் சேர்த்து 6 நிமிடம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு கேஸுக்கு 24 நிமிடம். உங்கள் காதருகில் 95 டெசிபல் என்றால் அன்றைய ஒதுக்கீட்டில் பாதி தீர்ந்தது. 98 என்றால் முழுசும் தீர்ந்தது. அந்த 3 டெசிபல் வித்தியாசத்தைக் காதால் கேட்டுச் சொல்லவே சிரமம். ஒன்றிரண்டு கேஸ் பார்க்கிற தியேட்டரில் இதே கணக்கு எல்லைக்குள் சௌகரியமாக அடங்கிவிடும். ஆகவே எல்லா எலும்பு தியேட்டர் நர்ஸும் பயப்பட வேண்டியதில்லை, வாரத்துக்கு இருபது மூட்டு போடுகிற இடத்தில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டும். அதோடு, எல்லை என்றால் அதற்குள் ஆபத்தே இல்லை என்று அர்த்தம் ஆகாது. 85இலேயே வேலைக்காலம் முழுக்க நின்றால் நூற்றுக்கு எட்டுப்பேர் காது பாதிக்கும் என்று அந்த நிறுவனமே கணக்குச் சொல்கிறது.

இந்தக் கணக்கில் சுத்தியல் சேரவில்லை. தொடை எலும்புக்குள் ராஸ்ப் என்கிற அரத்தை அடிக்கும்போதும் இம்ப்ளான்டை இறக்கும்போதும் உலோகத்தில் உலோகம் விழுகிற அந்த 'டங்', ஒரு நொடியில் சிறு பங்கு நேரமே இருக்கும். சாதாரண மீட்டரின் முள் அதற்குள் ஏறி முடிக்காது. மீட்டர் காட்டுவதை விட உங்கள் காது வாங்கியது அதிகம். 1990களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் எலும்பு அறுவை அரங்கின் மூத்த பணியாளர்கள் சிலரைச் சோதித்ததில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சத்தத்தால் வந்த கேடு தென்பட்டது. சிறிய ஆய்வுதான், அன்றைய ரம்பங்களும் வேறு. இருந்தாலும் உங்களுக்கு இருப்பது வீண்சந்தேகம் இல்லை என்பதற்கு இது போதும்.

இந்த வேடிக்கையையும் பாருங்கள். மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்க 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இடம் இருக்கிறது. அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40. வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தால் செக்யூரிட்டி விரட்டுகிறார். உள்ளே ரம்பத்தின் பக்கத்தில் நிற்கிற நர்ஸின் காதுக்கு ஒரு போர்டும் இல்லை. தொழிற்சாலைகளுக்கான சட்டம் செல்லூரில் ஒரு பெரிய விசைத்தறிக் கூடத்துக்குப் பொருந்தலாம். அதில் சத்தத்தால் வரும் செவிக்குறை, தெரிவித்தே ஆகவேண்டிய தொழில் நோய்களின் பட்டியலிலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரியைத் தொழிற்சாலை என்று யாரும் நினைப்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்? சத்தம் எங்கே பிறக்கிறதோ அங்கேயே குறைப்பதுதான் முதல் வழி. அதில் பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சக்ஷன். அடுத்த கேஸில் கவனித்துப் பாருங்கள். ரத்தத்தை உறிஞ்சி முடித்ததும் டியூபை நோயாளி மேல் விரித்த டிரேப் துணி மேல் போட்டுவிடுகிறார்கள். முனை வெறும் காற்றை இழுத்து 'ஸ்ஸ்ஸ்' என்று கத்திக்கொண்டே கிடக்கிறது. நடுவில் டிரேப் துணி முனையில் ஒட்டிக்கொண்டால் விசில். ஒரு மணி நேர கேஸில் உண்மையாக உறிஞ்சுவது சில நிமிடம், மிச்ச நேரமெல்லாம் சும்மா ஓடுகிறது. இந்தச் சத்தம் தனியாகக் காதைக் கெடுக்கிற அளவுக்குப் பெரியது இல்லை. ஆனால் ஸ, ஷ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் இருக்கிற உயர் அலைவரிசையிலேயே இது உட்கார்ந்திருப்பதால் பேச்சைத் தின்கிறது. அதை மீறிப் பேச டாக்டர் குரலை உயர்த்துகிறார், மயக்க மருத்துவர் மானிட்டர் ஒலியைக் கூட்டுகிறார், யாரோ பாட்டையும் கூட்டுகிறார்கள். உபயோகம் இல்லாதபோது டியூபை மடித்து ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் போட்டுவிடுங்கள். தியேட்டரில் காசில்லாமல் செய்யக்கூடிய முதல் வேலை இதுதான். எங்கள் காது அறுவையில் மாஸ்டாய்டு டிரில்லும் சக்ஷனும் ஒன்றாகத்தான் ஓடும், அங்கே இதைப் பிடித்து வைக்க முடியாது. உங்களுக்கு முடியும்.

அடுத்து ரம்பத்தின் பிளேடு. மழுங்கிய பிளேடு அதிக நேரம் வெட்டும், அதிகம் கத்தும், எலும்பையும் சூடாக்கும். எலும்பை அளவாக வெட்ட வழிகாட்டுகிற ஜிக்கின் பிளவுக்குள் பிளேடு உரசிக் கிறீச்சிடுகிற அந்தச் சத்தம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அது வழக்கத்தை விட நீண்டால் பிளேடு போதும் என்று சொல்கிறது. ஒரே பிளேடை எத்தனை கேஸுக்கு ஓட்டுகிறார்கள் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். காதை முன்வைத்துக் கேட்டால் நிர்வாகம் அசையாது, எலும்பு கருகும் என்று சர்ஜன் மூலமாகக் கேட்டால் அசையும். புதிய ரம்பம் வாங்கும்போது காற்றில் ஓடுவதா பேட்டரியில் ஓடுவதா, எத்தனை டெசிபல் என்று கேட்கச் சொல்லுங்கள். எடை, விலை, வாரன்டி எல்லாம் கேட்பார்கள், இதை யாரும் கேட்பதில்லை.

எலும்பைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற பல்ஸ் லாவேஜ் ஓடும்போது உங்கள் கை அதில் இல்லையென்றால் ஓரடி பின்னால் நகருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். தியேட்டர் சுவரெல்லாம் கழுவுகிற மாதிரி வழவழப்பாக இருப்பதால் ஒலி திரும்பி வரும், அவ்வளவு குறையாது. ஆனாலும் 3 குறைந்தால் பாதி என்று மேலே பார்த்தோமே. கிட்னி டிரேயைப் போடாமல் வையுங்கள், உலோகப் பாத்திரத்துக்கு அடியில் ஒரு துணி விரியுங்கள். பாட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சர்ஜனின் பாட்டை நிறுத்தச் சொல்லி எந்த நர்ஸுக்கும் ஆலோசனை தருகிற துணிச்சல் எனக்கு இல்லை. எலும்பு வெட்டுகிற நேரத்திலும் மயக்கம் கொடுக்கிற, தெளிவிக்கிற நேரத்திலும் மட்டும் நிறுத்தலாம் என்று மயக்க மருத்துவர் சொன்னால் எடுபடும்.

இப்போது இயர் பிளக். ஃபோம் பிளக் மலிவு, எல்லா இடத்திலும் கிடைக்கும், அட்டையில் 30 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கும். சரியாக வைக்காததால் நடைமுறையில் பலருக்குப் பாதிதான் கிடைக்கும். அது உயர் ஒலிகளைக் கூடுதலாக அடைப்பதால் டாக்டர் பேச்சு மந்தமாகிவிடும், உங்களுக்கு ஏற்கெனவே அதுதான் பிரச்சினை. அதனால் இசைக்கலைஞர்கள் போடுகிற வகையைப் பாருங்கள். எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய ஒரே சீராக 10, 15 டெசிபல் குறைக்கும். பேச்சு தெளிவு குறையாமல் கொஞ்சம் தூரத்தில் இருந்து வருவது போலக் கேட்கும். 10 குறைந்தாலே போதும், சிஸ்டர்: 98 என்பது 88 ஆகும், உங்கள் 24 நிமிடம் 4 மணி நேரமாக நீளும். மானிட்டர் அலாரமும் கேட்கும்.

போடுகிற நேரம் முக்கியம். ஸ்கிரப் ஆவதற்கு முன்னால், கையைக் கழுவி, மாஸ்க் கட்டுவதற்கு முன்பே காதில் வைத்துவிடுங்கள். கவுன் போட்டபிறகு காதுப் பக்கம் கை போக முடியாது. காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் துளை நேராகும், அப்போது வையுங்கள். முதல் சில நாட்கள் உங்கள் குரலே உங்களுக்குத் தலைக்குள் முழங்கும். பழகிவிடும். வீட்டில் சமையல் செய்யும்போது போட்டுப் பழகிக்கொண்டு அப்புறம் தியேட்டருக்குக் கொண்டுபோங்கள். முதல் நாளே கேஸில் போட்டு, இரண்டு ஆர்டரைத் தவறவிட்டு, பிளக்கைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் கோபப்படுகிற விஷயம். எனக்குச் சொல்லப்போனால் உங்கள் கடிதத்தில் இதுதான் அவசரமானது. காதின் கேடு வருடங்களில் வரும், தவறாகக் கேட்ட ஓர் எண் நோயாளியை அன்றைக்கே பாதிக்கும். மாஸ்க் உதட்டை மறைத்துவிடுகிறது. நாம் எல்லோரும் கொஞ்சம் உதட்டைப் பார்த்துத்தான் கேட்கிறோம், கொரோனா காலத்தில் அது எல்லோருக்கும் புரிந்தது. மயக்க மருந்து அளவில் 'ஃபிஃப்டீன்' என்பதும் 'ஃபிஃப்டி' என்பதும் சக்ஷன் சத்தத்தில் ஒன்றாகத்தான் கேட்கும். 'ஒன் ஃபைவ்' என்றால் குழப்பம் இல்லை. திரும்பக் கேட்கிற பழக்கத்தை மாற்றி, கேட்டதைத் திரும்பச் சொல்கிற பழக்கத்துக்கு வாருங்கள்: 'சார், சைஸ் த்ரீ, லெஃப்ட்.' 'என்ன சார்?' என்று கேட்டால் எரிச்சல்படுகிறவர், இப்படிச் சொன்னால் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். சரிபார்ப்பும் நடந்துவிடும், உங்கள் காது பற்றிய பேச்சும் வராது.

ஸ்பைனல் ஊசியில் விழித்திருக்கிற நோயாளியையும் இங்கே ஒரு வரி நினைக்கத் தோன்றுகிறது. தன் எலும்பில் சுத்தியல் விழுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிற மேலூர்ப் பாட்டிக்கு அந்த ஒரு மணி நேரத்தில் காது கெடப்போவதில்லை. ஆனால் பயத்தில் ரத்த அழுத்தம் ஏறும். ஒரு ஜோடி ஹெட்ஃபோனும் அவருக்குப் பிடித்த பக்திப்பாட்டும் போதும்.

நிர்வாகத்திடம் பேசப் போனால் வெறும் கையோடு போகாதீர்கள். ஐபோன் வைத்திருக்கிற யாராவது உங்கள் குழுவில் இருந்தால் நியோஷ் நிறுவனத்தின் ஒலியளவு செயலியை இலவசமாக இறக்கலாம். ஆண்ட்ராய்டுக்கு அது இல்லை, மற்ற செயலிகள் ஆளுக்கொரு எண் காட்டும். சர்குலேட்டிங் நர்ஸ் (ஸ்கிரப் ஆகாமல் வெளியே நின்று உதவுகிறவர்) காதுயரத்தில், ஸ்டெரைல் பகுதிக்கு வெளியே பிடித்து, ஒரு முழு கேஸுக்கு ஓடவிடட்டும். அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள், எண்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் உங்கள் இடத்தில் இருப்பதை விடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் மருத்துவமனைக்கு என்.ஏ.பி.எச். என்கிற மருத்துவமனைத் தர அங்கீகாரம் இருந்தால் வேலை இன்னும் சுலபம். ஊழியர்களின் வருடாந்திர உடல் பரிசோதனையும் பணியிட ஆபத்துகளைக் கவனிப்பதும் அதில் எதிர்பார்க்கப்படுகிறது. அந்தப் பரிசோதனையில் எலும்பு, நரம்பியல் தியேட்டர் ஆட்களுக்கு மட்டும் ஓர் ஆடியோகிராம் சேர்க்கச் சொல்லுங்கள். உங்களுக்காக என்று கேட்காமல் தியேட்டருக்காக என்று கேளுங்கள், கையெழுத்துப் போட டெக்னீஷியன்களும் வருவார்கள்.

வேலையை மாற்றுவது பற்றி: ஆடியோகிராமில் பள்ளம் சின்னதாக இருந்தால் நான் மாற்றச் சொல்லமாட்டேன். மூட்டு கேஸ் நாட்களை உங்களுக்குள் சுழற்சியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், பிளக் போடுங்கள், ஆறு மாதத்தில் மறுபடி சோதியுங்கள். 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் மூன்றின் சராசரி முதல் சோதனையை விட 10 டெசிபல் அளவுக்கு இறங்கியிருந்தால் அப்போது வேறு தியேட்டர் பற்றிப் பேசலாம். கண் அறுவைத் தியேட்டர் அமைதியானது, ஆனால் 11 வருட எலும்பு அனுபவத்தை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. தியேட்டருக்கு வெளியேயும் காதுக்குச் செலவு வைக்காதீர்கள். பஸ்ஸில் வெளிச் சத்தத்தை மீற இயர்போனைக் கூட்டி வைப்பது, கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பக்கம் உட்காருவது, திருவிழாவில் வேட்டுப் போடுகிற இடத்துக்கு அருகில் நிற்பது எல்லாம் அன்றைய கணக்கில் சேரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். ஒரு காது திடீரென்று அடைத்த மாதிரி ஆகிக் கேட்காமல் போனால், அல்லது தலைசுற்றலும் சேர்ந்தால், அது தியேட்டர் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே காது மருத்துவரைப் பாருங்கள், ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. இரைச்சல் ஒரே காதில் மட்டும் நிரந்தரமாக இருந்தாலும் தனியாகப் பார்க்க வேண்டும், ஸ்கேன் தேவைப்படலாம்.

திங்கள் காலை சோதனைக்குப் போகும்போது கடந்த ஒரு மாத கேஸ் ரிஜிஸ்டரில் உங்கள் பெயர் எத்தனை மூட்டு கேஸில் இருக்கிறது என்று எண்ணி எழுதி எடுத்துப் போங்கள். ஆடியோகிராம் எடுப்பவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

- காது மூக்கு தொண்டை மருத்துவர், மதுரை